அப்பா நின்று பார்த்த பதினான்கு தரைகள்

நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி சாதாரண வேலை, ஒரு வீட்டின் பின்புறத்தில் செயற்கைப் புல்லுக்குள் மணலை வாரித் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலத்தில் விளையாட்டுத் தரை. ஒரு கோடியில் கூடைப்பந்து வளையம், நடுவில் பூப்பந்து வலைக்கு இரண்டு கம்பங்கள். வழக்கமாக அப்பாவோடு வருகிற பசை மாமாவுக்குக் காய்ச்சல். அவர் எனக்குச் சொந்தம் இல்லை. இருபது வருடமாக அப்பாவுக்கு விரிப்புகளின் இணைப்பை ஒட்டிக் கொடுப்பவர். அவர் தொட்ட டம்ளர் மேசையை விட்டு வராது என்று அப்பா வைத்த பெயர். அவருக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டார்.

துடைப்பம் மாதிரி நீளக் கைப்பிடி வைத்த நைலான் பிரஷ் இரண்டு. புல் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வார வேண்டும். அப்போதுதான் இழைகள் எழுந்து மணலை உள்ளே விடும்.

"படிச்ச பொண்ணு வாருற அழகைப் பாரு. புல்லைத் தடவிக் கொடுக்கவா கூப்பிட்டேன்?"

"உங்க வழுக்கைக்கு எண்ணெய் தேய்ச்சுப் பழகின கைப்பா. இப்படித்தான் வரும்."

சிரித்தார். இரண்டு நடை வாரிவிட்டு நின்று மூட்டைகளைப் பார்த்தார். எல்லாம் காலி.

"மணல் கொஞ்சம் பத்தல."

அது சாதாரண மணல் இல்லை. ஒவ்வொரு மணல்மணியின் மேலும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பூச்சு இருக்கும். காலையில் ஒரு தரம் நனைத்தால், வெயில் ஏற ஏற அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தரையைக் குளிர்விக்கும். செயற்கைப் புல் என்பது பிளாஸ்டிக். வெயிலில் சும்மா விட்டால் எழுபது டிகிரி வரை போகும். அதற்காகத்தான் வெளிர் நிற இழை, அதற்காகத்தான் இந்த மணல். அந்த வீட்டுக்காரர், மணல் வந்து இறங்கிய பிறகு தரையை இன்னும் ஒரு மீட்டர் அகலமாக்கச் சொல்லியிருக்கிறார். ஏழு மீட்டருக்கு வாங்கியதை எட்டு மீட்டருக்கு இழுத்திருந்தோம்.

"இன்னும் ரெண்டு மூட்டை வாங்கிடலாமேப்பா."

"பார்ப்போம். கால் சொல்லட்டும்."

கால் சொல்லட்டும் என்பது அப்பாவின் தொழில்முறை. அதை விளக்க அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பத்தொன்பது வயதில் விடுதிகளுக்குக் கம்பளம் போடும் வேலைக்குப் போனார். சுவர் ஓரம் கம்பளத்தை இறுக்கிப் பொருத்த ஒரு கருவி உண்டு; அதை முழங்காலால் உதைக்க வேண்டும். பதினேழு வருடம் உதைத்தார். பிறகு விடுதிகள் எல்லாம் பளிங்குக்கு மாறின. அப்பா வெளியே வந்து புல் போட ஆரம்பித்தார். "உள்ளே இருந்தப்ப முட்டி போச்சு, வெளியே வந்து முடி போச்சு" என்று அம்மா சொல்வாள்.

புல் போட ஆரம்பித்த முதல் வருடம், கரும்பச்சை இழை, உள்ளே கறுப்பு ரப்பர் துகள். வெயிலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்படைத்த நான்காம் நாள் அந்த வீட்டுப் பையன் பந்தை எடுக்க மதியம் வெறுங்காலோடு ஓடினான். நடுவில் போனதும் சூடு ஏற, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்று அலறியிருக்கிறான். அப்பா போய் அந்தக் கால்களைப் பார்த்தார். திரும்பி வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் போய், போட்டதை எல்லாம் தானே பிய்த்துச் சுருட்டிக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு எந்தத் தரையையும் அவர் நின்று பார்க்காமல் ஒப்படைத்ததில்லை. மதியம் இரண்டு மணி. செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நிற்பார். நூறு எண்ணுவார். நிற்க முடிந்தால் தரை தேறியது. முடியாவிட்டால் மணல் கூட்டுவார், தண்ணீர்க் குழாய் போடச் சொல்வார், நிழல் வலை கட்டச் சொல்வார். "அவர் நின்னு பார்த்துட்டாரா? அப்ப சரி" என்று ஆட்கள் சொல்கிற அளவுக்கு அது ஊரில் பரவியது. புது வேலைகள் அந்தப் பேச்சால்தான் வந்தன.

இரண்டு வருடம் முன்பு நான் ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். தரையை நோக்கி விசையை அழுத்தினால் எத்தனை டிகிரி என்று காட்டும்.

"நான் என்ன போலீஸ் வேலைக்கா போறேன்?" என்றார். வண்டியின் முன்பெட்டியில் போட்டார். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அப்பா நடுவில் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். நான் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். உடனே எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, சுடுது."

"எழுபத்தெட்டு... எழுபத்தொன்பது... பேசாத, எண்ணிக்கை தப்பும்."

"நிஜமாவே சுடுதுப்பா."

"ஏசியில இருக்கிற கை. அப்படித்தான் இருக்கும்."

நூறு முடித்து, "நல்லா இருக்கு, சில்லுன்னு இருக்கு" என்றார். நான் வண்டிக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தேன். அறுபத்தேழு டிகிரி. இன்னொரு இடத்தில் அறுபத்தைந்து. அப்பா நின்ற இடத்தில் அறுபத்தேழு.

"உன் மிஷின் கோளாறு" என்றார்.

"காலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கப்பா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். பெருவிரலுக்குக் கீழே தோல் வெளுத்து, உப்பி, நீர் கோத்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தார். உள்ளே இரண்டு பிள்ளைகள் மட்டையோடு காத்திருந்தார்கள்.

"உள்ளேயே இருங்கடா கண்ணுகளா" என்று கத்தினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு நைலான் நூலை எடுத்து அப்பாவின் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். இரண்டு இடத்தில்தான் அப்பா சொன்னார். ஒன்பது வருட சர்க்கரை. மாத்திரை விழுங்கினால் போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

கட்டுப் போட்டு, புண் ஆறும்வரை நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"எப்பலேருந்து உணர்ச்சி போயிருக்கும், டாக்டர்?"

"உறுதியா சொல்ல முடியாது. ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் இருக்கலாம். ஏன் கேக்கறீங்க?"

"அதுக்கு அப்புறம் போட்ட தரையை எல்லாம் திரும்பப் பார்க்கணும்."

நான் பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கருவி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கடைசியாகச் சரிபார்த்த நாள், அடுத்துச் சரிபார்க்க வேண்டிய நாள். ஒரு கருவி பழுது என்று தெரிந்தால், அது கடைசியாகச் சரியாக இருந்த நாளுக்குப் பின் அதனால் அளந்த எல்லாவற்றையும் திரும்ப அளப்போம். இதுதான் விதி. அப்பாவுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. டாக்டரின் எதிரே கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து அவரே அந்த விதிக்கு வந்து சேர்ந்தார். விதி தெரிந்த நான் பத்து வருடமாக அவர் வெறுங்காலில் நின்று சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அந்தக் காலைச் சரிபார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தரைக்கு மூன்று மூட்டை கூட்டி, நனைத்து, அளந்தோம். நாற்பத்து நான்கு. அது முடிந்தது. இரண்டு வருடத்தில் போட்டவை இன்னும் பதினான்கு இருந்தன. எங்கெல்லாம் மணல் கொஞ்சம் குறைந்ததோ, அங்கெல்லாம் அவர் கால் சொன்னதை நம்பி ஒப்படைத்திருக்கிறார்.

பட்டியல் எழுதினார். பள்ளி விடுமுறை தொடங்க ஒன்பது நாள் இருந்தது.

அம்மா வண்டிச் சாவியை எடுத்து ஒளித்து வைத்தாள். "கால்ல புண்ணு. டாக்டர் நடக்காதேன்னு சொன்னது உங்களுக்கா, பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

"நடக்க மாட்டேன். வண்டியைப் பசை ஓட்டுவான், நான் உக்காந்திருப்பேன்."

"உக்காந்துக்கிட்டே எப்படி அளப்பீங்க?"

"அதுக்குத்தானே துப்பாக்கி" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவி வெளியே வந்தது.

வாரத்துக்கு இரண்டு மூன்று வீடு, மதியம் இரண்டு மணிக்கு. மாலை எனக்குப் போன் வரும். நான் ஹலோ சொல்வதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவார். "நாற்பத்தாறு." இல்லையென்றால், "ஐம்பத்தொன்பது, மணல் கூட்டணும்." நல்ல எண் வந்த நாளிலும் அவர் குரல் இளகவில்லை. மிச்சம் எத்தனை என்றுதான் சொல்வார். சாப்பிடும்போது பாதியில் எழுந்து யாருக்காவது போன் செய்வார். "பிள்ளைங்களை மதியம் விடாதீங்க. நான் வந்து பார்க்கிற வரைக்கும் விடாதீங்க." சிலர் சிரித்தார்கள். ஒருவர், ஒப்படைத்த தரையைத் திரும்பக் குறை சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒரு அம்மாள் கோபித்தார். அப்பா எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னார். "என் கால் செத்துப் போச்சுங்க. எனக்கே தெரியல." பசை மாமா வேண்டாம் என்றாராம். "இப்படிச் சொன்னா நாளைக்கு யார் கூப்பிடுவாங்க?" கூப்பிட வேண்டாம் என்றாராம் அப்பா.

ஏழாவது வீட்டில் ஒரு நாய். வேலியிலிருந்து சமையலறைக்குக் குறுக்கே வந்தால் பத்து அடி. அது தரையைத் தொடாமல் சுவர் ஓரமாகச் சுற்றி வந்தது. எப்போதும் இப்படித்தான், கிறுக்கு நாய் என்றார்கள் வீட்டுக்காரர்கள். அளந்தால் அறுபத்திரண்டு. அன்று மாலை அப்பா போனில், "நாய் என்னைவிட நல்ல மேஸ்திரி" என்றார்.

ஐந்து வாரத்தில் பதின்மூன்று முடிந்தது. எட்டு சரியாக இருந்தன. ஐந்துக்கு மணல் கூட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. ஏனென்றால் பட்டியலில் முதலாவதாக எழுதிய வீடுதான் மிச்சமிருந்தது.

அது நீல கேட் வீடு. போன் எண் உபயோகத்தில் இல்லை. மூன்று தடவை போனார், பூட்டு. வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார்கள் என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். ஆள் இல்லாத வீட்டில் ஆபத்தும் இல்லை என்று நான் சொன்னேன்.

"ஆள் வருவாங்கல்ல" என்றார்.

"வந்தா பார்த்துக்கலாம்பா. ஏன் அதையே நினைக்கறீங்க?"

"அது எனக்கு நெருடலா இருக்கு. அங்கேதான் மணல் ரொம்பக் குறைஞ்சுது."

பெரியவரிடம் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒரு திங்கட்கிழமை அவர் கூப்பிட்டார். புதுக் குடித்தனம் புதன்கிழமை வருகிறது. தவழுகிற குழந்தை ஒன்று இருக்கிறது.

தவழுகிற குழந்தை என்றால் உள்ளங்கை, முழங்கால், பாதம் எல்லாம் தரையில். சூடு பட்டால் ஓடவும் தெரியாது. அப்பா அன்று இரண்டு முறை எனக்குப் போன் செய்து அதையே சொன்னார். வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் போவது என்று முடிவாகியது.

புதன்கிழமை காலை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "லேசா மூச்சு வாங்குது" என்று அம்மாவிடம் சொன்னார். வலி இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவந்தபோது தலை சாய்ந்திருந்தது.

நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலிக்காமலே வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அதை எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை அப்பாவை எடுத்தோம். வீடு நிறைய ஆட்கள். பதின்மூன்று வீடுகளில் ஒன்பது வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். கோபித்த அம்மாளும் வந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே முக்காலுக்குப் பசை மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமா, இன்னைக்கு வியாழக்கிழமை."

"தெரியும்மா."

"வெளியே நாற்பது டிகிரி."

"தெரியும். பெரியவருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். இப்ப அப்பாவைப் பாரு."

பெரியவர் புதுக் குடித்தனக்காரர்களிடம் சொன்னாராம். ஆனால், "சாமான் அடுக்கிற அவசரத்துல இருந்தாங்க. தலையாட்டினாங்க. காதுல வாங்கினாங்களான்னு தெரியல" என்றாராம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நான் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பெரியவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டே காலுக்குச் செய்தேன். இரண்டரைக்குச் செய்தேன். மூன்று மணிக்கு எடுத்து, தூங்கிவிட்டேன் என்றார்.

சனிக்கிழமை மதியம் அம்மா என்னைப் பார்த்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அந்த வீட்டுக்குப் போனியா?"

"இன்னும் இல்லம்மா. உன்னை விட்டுட்டு எப்படி..."

"நான் எங்கேயும் ஓடிட மாட்டேன். போயிட்டு வா. அந்த மனுஷன் ஒன்றரை மாசமா எங்கிட்ட பேசினதே இது ஒண்ணுதான்."

வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு லாரி திரும்ப முடியாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டியை ஓரம் விட்டுவிட்டு நடந்தேன். பிறகு ஓடினேன். நீல கேட் திறந்திருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது.

சுவரைச் சுற்றிப் போனேன். தரையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. குழாயிலிருந்து அதில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. செருப்புப் போட்ட ஒரு பெண், இடுப்பில் குழந்தை. குழந்தை தண்ணீரைப் பார்த்துக் கால்களை உதைத்துத் துள்ளியது. அவள் அதைத் தரையில் இறக்குவதற்காகக் குனிந்தாள்.

"இறக்காதீங்க!"

அவள் பயந்து நிமிர்ந்தாள். "யாரு நீங்க? எப்படி உள்ளே வந்தீங்க?"

"இந்தத் தரையைப் போட்டவரோட பொண்ணு. குழந்தையை இறக்காதீங்க. செருப்பைக் கழற்றிட்டு ஒரு தடவை காலை வச்சுப் பாருங்க."

சந்தேகமாக என்னையே பார்த்தபடி செருப்பிலிருந்து ஒரு பாதத்தை எடுத்து வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். குழந்தையை இன்னும் மேலே தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

நான் அளந்தேன். நடுவில் அறுபத்து மூன்று. தொட்டியைச் சுற்றி அறுபது. நிழல் விழுந்த ஓரத்தில் முப்பத்தெட்டு. குனிந்து இழைகளை விலக்கிப் பார்த்தேன். மணல் விரல்நகம் ஆழத்துக்குக்கூட இல்லை.

"அந்தத் தாத்தா சொன்னார். சாயங்காலம்தான் விட்டோம். இன்னைக்கு ஒரே புழுக்கமா இருக்கேன்னு..." அவள் முடிக்கவில்லை. "பச்சையா இருக்கு, குளிர்ச்சியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"சரிபண்ணித் தரோம். அதுவரைக்கும் மதியம் கதவைப் பூட்டியே வைங்க."

"எப்ப?"

நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, செல்போனில் கணக்குப் போட்டேன். எட்டு மூட்டை வேண்டும். அங்கே நின்றபடியே மணல் கிடங்குக்காரருக்குப் போன் செய்து, யார் பேசுகிறேன் என்று சொல்லி, எட்டு மூட்டை எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"நீல கேட் வீட்டுக்குத்தானேம்மா? உங்க அப்பா செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டாரு. எட்டு மூட்டை. வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்னாரு. வாசல்கிட்டயே அடுக்கி வச்சிருக்கேன். இன்னும் அப்படியேதான் இருக்கு."